இரண்டாவது தட்டு

செயின்ட் ஹெலினா தீவு, தென் கரோலினா
1958 செப்டம்பர் 14

தங்கை ஐடெல்லாவுக்கு அண்ணன் எப்பிராயீம் எழுதுவது. கர்த்தர் கிருபையில் என் கை கால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. உன் முழங்கால் வலியும் மாப்பிள்ளை லூதரின் இருமலும் எப்படி என்று எழுது. ஃபிலடெல்ஃபியாவில் இப்போதே குளிர் தொடங்கியிருக்கும். இங்கே இன்னும் கொசு போகவில்லை.

எழுத உட்கார்ந்தது நலம் விசாரிக்க மட்டும் அல்ல. இங்கே எனக்கு ஓர் அநியாயம் நடந்திருக்கிறது.

புத்தாண்டு மதியம் நம் சபையில் பயறும் சோறும் சமைப்பது யார் என்று இந்தத் தீவில் பால்குடிப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அம்மாவுக்குப் பிறகு நான். நேற்று நடந்த சபைக் கூட்டத்தில் அந்தப் பானையை என்னிடமிருந்து பிடுங்கி மினர்வா சிசோம் கையில் கொடுத்துவிட்டார்கள். இறால் படகு வைத்திருந்தானே ஆம்ப்ரோஸ், அவன் பெண்டாட்டி. அவன் செத்துப்போன பிறகு அவளுக்கு வேலையில்லை, சபையை நிர்வாகம் செய்கிறாள். எழுந்து நின்று அவள் சொன்னது இது. இனிமேல் பயறு ஒரு பானையில், சோறு ஒரு பானையில். தட்டில் சோற்றைப் போட்டு மேலே பயற்றை ஊற்றிக்கொள்ளலாமாம். அதுதான் சுலபமாம், நகரத்தில் அப்படித்தானாம். கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினார்கள். நான் சமைத்த பயற்றைத் தின்று வளர்ந்த கைகள்.

போன புத்தாண்டை மனதில் வைத்துக்கொண்டு செய்த வேலை இது. பயற்றில் போட்ட பன்றிக்கறி கெட்டுவிட்டது என்று கதை கட்டினார்களே, அது. உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். முழுக்கச் சொல்கிறேன். சமைத்தவன் எல்லோர் முன்னாலும் முதல் தட்டு சாப்பிட்ட பிறகே சபை சாப்பிடும், அது நம் வழக்கம். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. உப்பு சரி, காரம் சரி. பிறகு பரிமாறினார்கள். முதல் வாயிலேயே ஒவ்வொருவராகக் கரண்டியைக் கீழே வைத்தார்கள். தாடைக்கறி ஊசிப்போச்சு என்று யாரோ சொன்னார்கள். ஊசிப்போன கறியை நான் போடுவேனா? அவர்கள் கண்ணெதிரேயே இரண்டாவது தட்டும் போட்டுச் சாப்பிட்டேன். அதற்கு மேல் ஒரு மனிதன் என்ன நிரூபிக்க வேண்டும்? மிச்சம் முழுவதையும் பன்றிக்குக் கொட்டினார்கள்.

இனி அந்தப் பானையை என்னிடம் திருப்பிக் கொடுக்கும்வரை சபை வாசலை மிதிக்கமாட்டேன். ஜெபம் செய்ய எனக்கு வீடு இருக்கிறது.

உன் அண்ணன்,
எப்பிராயீம் கேப்பர்ஸ்


ஃபிலடெல்ஃபியா
செப்டம்பர் 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கோபம் கடிதத்துக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது. தபால்காரர் உறையைத் தரும்போதே கை சுட்டது என்றார். சும்மா சொல்கிறேன். முழங்கால் படியேறும்போது மட்டும் பேசுகிறது. அவருடைய இருமல் போய்விட்டது, ஆனால் இருமும்போது கிடைத்த கவனிப்பு போய்விட்டதே என்று வருத்தப்படுகிறார்.

கடிதத்தை அவருக்கும் படித்துக் காட்டினேன். "உங்க அண்ணன் ஒத்தை ஆளா நின்னு ஒரு சபையையே விலக்கி வச்சிட்டாரு" என்றார். நான் சிரிக்கவில்லை. கொஞ்சம் சிரித்தேன்.

அண்ணா, ஒன்று கேட்கிறேன். பரிமாறிய எல்லோரும் ஒரே நேரத்தில் கரண்டியை வைத்தார்களா? மாமா பிள்ளைகளும்? அந்தப் பிள்ளைகள் பசி வந்தால் கதவைக்கூட மெல்லுவார்களே.

எனக்கும் ஒரு பொறுப்பு வந்திருக்கிறது. இங்கே எங்கள் சபையில் பாதிப் பேர் தெற்கிலிருந்து வந்தவர்கள், இந்தப் புத்தாண்டுக்கு என்னைச் சமைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா பக்கத்தில் நின்று நான் பாத்திரம்தான் கழுவினேன், சமைத்தது நீங்கள். முறையைச் சரியாக எழுதி அனுப்புங்கள். என் மானம் உங்கள் கையில்.

உடம்பு எப்படி என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். கை கால் இடத்தில் இருக்கிறது என்பது கணக்கில் வராது.

தங்கை,
ஐடெல்லா


தீவு
அக்டோபர் 9

தங்கைக்கு,

முறை கேட்டாய். நம் வீட்டில் ஒருத்திக்காவது கேட்கத் தோன்றியதே.

தட்டைப்பயறு, கறுப்புக் கண் உள்ளது. தீவின் அந்தப் பக்கத்தில் சிவப்புப் பயறு போடுவார்கள், அதுதான் பழைய முறை என்பார்கள். போடட்டும். அம்மா கறுப்புக் கண் போட்டாள், நாம் கறுப்புக் கண். முந்தின இரவே ஊறவை. மறுநாள் புகைபோட்ட பன்றித் தாடைக்கறியைத் துண்டாக்கி, வெங்காயம், ஒரு காய்ந்த மிளகாயோடு பயற்றை வேகவிடு. விரலில் நசுங்க வேண்டும், தானாக உடையக் கூடாது. உடைந்தால் அது கஞ்சி, பிள்ளை பெற்றவளுக்குக் கொடு.

அரிசியைத் தண்ணீர் தெளிகிறவரை கழுவு. பயறு வெந்த சாற்றை அளந்து வைத்துக்கொண்டு, அந்தச் சாற்றிலேயே அரிசியைப் போட வேண்டும். பச்சைத் தண்ணீரில் தனியாக வெந்த சோறு பயற்றுக்கு அந்நியன், தட்டில் போய் அறிமுகம் செய்துவைத்தால் ஒட்டாது. மினர்வாவுக்கு இது புரியாது. கொதி அடங்கியதும் மூடு. மூடிய பிறகு திறக்காதே, கிளறாதே. போதகர் வந்து கேட்டாலும் திறக்காதே. காது கொடுத்துக் கேள். முதலில் முணுமுணுக்கும். பிறகு சொட்டுச் சொட்டாகப் பேசும். பேச்சு நின்று, அடியில் மெல்லச் சடசடவென்று ஒரு சத்தம் வந்தால் விறகை இழுத்துவிடு. பருக்கை பருக்கையாக நிற்கும்.

நீ பள்ளிக்குப் போனவள், இதை ஒரே தடவையில் பிடித்துக்கொள்வாய். நான் உரமூட்டைச் சாக்கில் அச்சடித்திருந்ததைப் பார்த்து எழுத்துக் கற்றவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உடம்புக்கு என்ன? போன வருஷம் நவம்பரில் சிப்பிப் படகிலிருந்து இறங்கும்போது வழுக்கி, பின்மண்டை படகு விளிம்பில் அடித்தது என்று எழுதினேனே. இரண்டு நாள் தலைவலி. அதோடு சரி.

வில்லிஸ் மட்டும் தொல்லை தருகிறான். பக்கத்து வயல்காரன்தான். போன செவ்வாய்க்கிழமை வயலைத் தாண்டி ஓடிவந்து, சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே புகுந்து, என் அடுப்பிலிருந்து சட்டியைத் தூக்கி முற்றத்தில் எறிந்தான். பீன்ஸ் கருகிவிட்டதாம். "ரோட்டு வரைக்கும் நாறுது அண்ணே, பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க" என்றான். பைபிள் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கும்போது எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. என் சட்டியைப் பற்றி அவனுக்கு என்ன கவலை? அவனும் கூட்டத்தில் கை தூக்கியவன்தான்.

எப்பிராயீம்


ஃபிலடெல்ஃபியா
அக்டோபர் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

முறை கிடைத்தது. கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தேன். முதல் ஒத்திகையில் மூடியைத் திறந்துவிட்டேன். அவர்தான் திறக்கச் சொன்னார். சோறு குழைந்தது. இரண்டாவது ஒத்திகையில் அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். நன்றாக வந்தது. அடியில் சடசடவென்று நீங்கள் எழுதிய சத்தம் வந்தபோது அம்மா அடுப்படியில் நிற்பதுபோல் இருந்தது.

இத்துடன் ஒரு சிறு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். குளிருக்குக் கழுத்துத் துணி ஒன்று, நான் வேலை செய்யும் சலவைக்கூடத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்கிய தேயிலை ஒரு டப்பா. நல்ல தேயிலை என்கிறார்கள். போட்டுக் குடித்துப் பார்த்து, எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். மறக்காமல்.

வில்லிஸ் அண்ணன்மேல் கோபப்படாதீர்கள். அவர் சட்டியைத் தூக்கி எறிந்தது நல்லதுக்கு.

தங்கை,
ஐடெல்லா


தீவு
நவம்பர் 5

தங்கைக்கு,

பொட்டலம் பத்திரமாக வந்தது. கழுத்துத் துணி கதகதப்பாக இருக்கிறது. நிறம் கொஞ்சம் இளவட்டம், ஆனால் கட்டிக்கொள்வேன்.

தேயிலை அருமை. திறந்ததும் வீடே மணத்தது. இந்த மாதிரித் தேயிலை பக்கத்து நகரமான ப்யூஃபோர்ட்டின் கடைகளில் கண்ணால் காணமுடியாது. காலையும் மாலையும் குடிக்கிறேன். லூதர் மாப்பிள்ளைக்கு என் நன்றியைச் சொல்.

இப்போது ஒரு முக்கியமான செய்தி. நான் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். புத்தாண்டன்று என் முற்றத்திலேயே பானை வைக்கப்போகிறேன். பெரிய இரும்புப் பானை, ஒரே பானை. வருகிறவர்கள் வரட்டும். சபையில் மினர்வா தனித்தனியாக வேகவைத்து ஊற்றட்டும், அங்கே போகிறவன் போகட்டும். மத்தியானத்துக்குள் யார் பக்கம் தட்டு நீள்கிறது என்று பார்க்கலாம். வில்லிஸிடம் சொன்னேன், அதாவது ஊருக்கே சொன்னேன் என்று அர்த்தம். சாயங்காலத்துக்குள் மினர்வா காதுக்குப் போய்விட்டது. அவள் தலையை மட்டும் ஆட்டினாளாம். பயந்துவிட்டாள்.

எப்பிராயீம்


ஃபிலடெல்ஃபியா
நவம்பர் 12

அண்ணா,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். அதனால் நலம் விசாரிப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

அந்தத் தேயிலையை நான் ஒரு வாரம் சலவைச் சோப்புக் கட்டிகளுக்கு நடுவே, மூடியைத் திறந்து வைத்திருந்தேன். அனுப்பும் முன் ஒரு கோப்பை போட்டு இவருக்குக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். "என்னம்மா, சட்டையைத் துவைச்ச தண்ணியா" என்று கேட்டுத் தொட்டியில் கொட்டிவிட்டார். நீங்கள் காலையும் மாலையும் குடிக்கிறீர்கள். வீடே மணத்தது என்கிறீர்கள்.

உங்களைச் சோதித்தேன், மன்னிக்கச் சொல்லமாட்டேன். நேராகக் கேட்டிருந்தால் நேராகப் பொய் சொல்லியிருப்பீர்கள், எனக்கு என் அண்ணனைத் தெரியும். கருகிய சட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள். போன புத்தாண்டுச் சாப்பாட்டைப் பற்றி எழுதும்போது உப்பு சரி, காரம் சரி என்றுதான் எழுதினீர்கள். மணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மாவின் பானையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிற ஆள் நீங்கள்.

மண்டையில் அடிபட்ட நாளிலிருந்து உங்களுக்கு வாசனை தெரியவில்லை. அப்படித்தானே? எங்கள் சலவைக்கூடத்தில் ஒருத்திக்கு இப்படி ஆனது, டாக்டர் சொன்னார், அடியினால் வருமாம். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. ஒரே ஒரு வரி எழுதுங்கள். ஆமாம் என்று மட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐடெல்லா


ஃபிலடெல்ஃபியா
டிசம்பர் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. உங்களுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்று மட்டும் வில்லிஸ் அண்ணன் மகள் இங்கே வந்திருந்தபோது சொன்னாள். விறகு பிளந்துகொண்டிருந்தீர்களாம். அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை.

முழங்கால் பரவாயில்லை. அவர் தினமும் தபால் பெட்டியைப் பார்த்துவிட்டுப் படியேறுகிறார், எனக்கு இறங்கும் வேலை மிச்சம்.

திட்டியாவது எழுதுங்கள்.

தங்கை,
ஐடெல்லா


தீவு
டிசம்பர் 14

ஐடெல்லாவுக்கு,

திட்டச் சொன்னாய். திட்டுகிறேன்.

அண்ணனுக்குச் சோப்புத் தண்ணீர் குடிக்கக் கொடுத்தவள் நீ. வடக்கே போய் இதைத்தான் கற்றாயா? அம்மா செத்தபோது உன்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தவேண்டாம் என்று சொல்லி நான் வயலில் இறங்கினேன். அதற்கு இது கைம்மாறு.

நீ கேட்ட வரியை நான் எழுதப்போவதில்லை. எழுதாததை வைத்து நீ எதையாவது நினைத்துக்கொண்டால் அது உன் பாடு. ஆனால் இந்த விஷயமாக இந்தத் தீவில் யாருக்காவது ஒரு வார்த்தை எழுதினாயானால், போதகருக்கோ மினர்வாவுக்கோ வில்லிஸுக்கோ, உனக்கு அண்ணன் இல்லை. இந்த ஊரில் கல்யாணமோ சாவோ, பானை என்றால் எப்பிராயீம். பிடிவாதக்காரன் என்று சொல்லட்டும், அதில் எனக்குக் குறைவில்லை. பாவம் என்று சொல்ல விடமாட்டேன்.

சமைக்க எனக்குக் காது இருக்கிறது. விரல் இருக்கிறது. கண் இன்னும் ஊசியில் நூல் கோக்கும். முற்றத்தில் பானை வைப்பது வைப்பதுதான்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. அவர் ஒரு தவறும் செய்யவில்லை.

எப்பிராயீம்


ஃபிலடெல்ஃபியா
டிசம்பர் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. திட்டு வந்து சேர்ந்தது, அவரும் நானும் பங்கு போட்டுக்கொண்டோம்.

யாருக்கும் எழுதமாட்டேன். அம்மா பெயரில் சொல்கிறேன். நீங்களாகச் சொல்லாதவரை இது என் வாயிலிருந்து போகாது.

ஆனால் முற்றத்துப் பானையைப் பற்றி ஒன்று சொல்ல விடுங்கள். காது சோற்றைச் சொல்லும், விரல் பயற்றைச் சொல்லும். கறியை எது சொல்லும்? கண்ணுக்கு நல்ல கறியாகத்தானே போன வருஷமும் இருந்தது? உங்களை நம்பி வருகிறவர்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுதான் வருவார்கள். உங்களுக்குத் தெரியவில்லை என்பது உங்கள் குற்றம் இல்லை. தெரிந்ததுபோலப் பரிமாறினால் அது குற்றம்.

என்னைப் படிக்க வைத்தது நீங்கள். அதனால்தான் இதை எழுதத் தெரிகிறது.

தங்கை,
ஐடெல்லா


தீவு
1959 ஜனவரி 4

தங்கை ஐடெல்லாவுக்கு,

உனக்கும் மாப்பிள்ளைக்கும் இந்த வருஷம் எல்லாம் கூடிவரட்டும். இங்கே குளிர் கடுமை. கழுத்துத் துணி கட்டியிருக்கிறேன்.

உன் கடிதம் கிறிஸ்துமஸ் கழிந்து வந்தது. பதில் எழுதவில்லை. எழுத ஒன்றுமில்லை என்பதால் அல்ல. இப்போது நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நடுவில் எனக்குப் புத்தி சொல்லாமல் படி.

புத்தாண்டு விடிந்தபோது முற்றத்தில் பானை ஏறியிருந்தது. விறகு அடுக்கியிருந்தேன். பயறு ஊறி, பருத்து, கண் விழித்துக் கிடந்தது. தாடைக்கறியை மேஜைமேல் வைத்து, அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். சிவப்பு சரியாக இருந்தது, கொழுப்பு வெள்ளையாக இருந்தது, விரலில் பிசுபிசுக்கவில்லை. மூக்கருகே கொண்டுபோனேன். பலகையை மோந்ததுபோல் இருந்தது. போன வருஷக் கறியும் இப்படித்தான் இருந்தது. தீக்குச்சி கையில் இருந்தது, கிழிக்கவில்லை. நீ எழுதியதால் இல்லை. நானாகத்தான் கிழிக்கவில்லை.

அப்போது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். மினர்வா. படிக்கு வெளியே, பனியில் சால்வையைப் போர்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே வராமல் அங்கேயே நின்று கூப்பிட்டாள்.

"வெளிய வாங்க அண்ணே. வருஷப் பொறப்பு அன்னிக்குப் பொம்பளை முதல்ல படியேறினா வருஷம் பூரா வீட்டுக்கு ஆகாது. அப்புறம் அதுக்கும் என்னையத்தான் திட்டுவீங்க."

நான் அவளைக் கூப்பிடவில்லை என்று உள்ளே இருந்தபடியே சொன்னேன்.

"கூப்பிட்டாத்தான் வரணும்னா இந்த வாசல்ல புல்லு மொளைச்சிருக்கும்" என்றாள்.

நான் எழுந்திருக்கவில்லை. அவளும் போகவில்லை. வழக்கம் அவளை உள்ளே விடவில்லை, பிடிவாதம் என்னை வெளியே விடவில்லை. அப்படியே வாசலுக்கும் மேஜைக்கும் நடுவில் பேச்சு நடந்தது. அவளுக்கு அத்தனை பேருக்குச் சோறு வடிக்கத் தெரியாதாம். முந்தின நாள் ஒத்திகை பார்த்ததில் சோறு பசையாகிவிட்டதாம், சுவரொட்டி ஒட்டலாமாம். தெரியாதவள் ஏன் பானையைப் பிடுங்கினாய் என்று கேட்டேன். தனித்தனியாக வேகவைக்க வேண்டும் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னது யார் என்று கேட்டேன்.

யாராவது வருகிறார்களா என்று அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான்தான் சொன்னேன். வேற என்னத்தைச் சொல்லட்டும்? உள்ளதைச் சொல்லட்டுமா? போன வருஷம் நான் உங்க எதிர்லதான் நின்னேன். அந்தக் கறியை நாய்கூட மோந்து பாத்துட்டு நகந்து போச்சு. வீம்பு பிடிச்ச ஆம்பளை ஒரு தட்டு சாப்பிடுவான் அண்ணே. ரெண்டாவது தட்டு எவனும் சாப்பிட மாட்டான்."

யார் சொன்னார்கள் என்று கேட்டேன். உன் பெயர் வாய்வரை வந்தது, உண்மையைச் சொல்கிறேன். யாரும் சொல்லவில்லை, கண் இருந்தது, பார்த்தேன் என்றாள். ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லையாம். மறுபடி ஒரு தடவை அப்படி ஆனால் ஊருக்கே புரிந்துவிடும் என்றுதான் பானையைப் பிடுங்கினாளாம். நான் அவளைப் பேசாத பேச்சு இல்லை, அவள் திருப்பி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இது எனக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது.

கறியைத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே போனேன். அவளிடம் நீட்டினேன். ஒரு முனையை மோந்தாள், திருப்பி மறு முனையை மோந்தாள், எலும்போரம் விரலால் விலக்கி அங்கேயும் மோந்தாள்.

"நல்ல கறி" என்றாள். "விறகுப் புகை நல்லா ஏறியிருக்கு. எடுத்துட்டு வாங்க."

அவள் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. நான் திரும்பிப் படியேறி உள்ளே போனேன். வருஷத்தின் முதல் ஆம்பளை நானே நுழைந்தாயிற்று, இனிமேல் யார் வந்தாலும் தோஷமில்லை. உள்ளே வந்து காப்பி குடித்துவிட்டுப் போ என்று கூப்பிட்டேன். வந்தாள். காப்பி தீய்ந்துபோயிருக்கிறது என்று சொல்லிக் கொட்டிவிட்டு வேறு போட்டாள். அடுத்தவர் வீட்டில் அவளுக்கு இருக்கும் உரிமை அப்படி.

சபைக்குப் போனோம். ஒரே பானை என்றேன். அதில் நான் இறங்கிவரவில்லை, அவளும் வற்புறுத்தவில்லை, அவளுக்கு முதலிலிருந்தே ஒரே பானைதான் பிடிக்குமாம். அரிசி போட்டு மூடியதும் நான் பானைக்குப் பக்கத்தில் காது வைத்து உட்கார்ந்தேன். அவள் எதிர்ப்பக்கம் நின்றாள். சொட்டுச் சத்தம் நின்று சடசடப்பு வருவதற்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அவள், "அடி பிடிக்குது, இழுங்க" என்றாள். இன்னும் நேரம் இருக்கிறது என்றேன். "உங்க காதுக்கு நேரம் இருக்கு, என் மூக்குக்கு இல்ல" என்றாள். சுற்றி நின்றவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விறகை இழுத்தேன். இன்னொருவர் சொல்லி நான் விறகை இழுத்தது அதுதான் முதல் தடவை. பிறகு திறந்து பார்த்தபோது அடியில் பொன்னிறமாகத்தான் இருந்தது. காற்று அடித்ததால் எனக்குச் சத்தம் கேட்கவில்லை. இல்லாவிட்டால் நானே சொல்லியிருப்பேன்.

வழக்கப்படி முதல் தட்டை என்னிடம் நீட்டினார்கள். சபை முழுவதும் நின்றது. போன வருஷம் எல்லோருக்கும் நினைவிருந்தது. ஒரு வாய் சாப்பிட்டேன். போதகர், எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

உப்பும் காரமும் சரி என்று சொல்லலாம். சொல்லிப் பழகிய வாய்தான். தட்டை மினர்வா பக்கம் தள்ளினேன்.

"இவகிட்ட கேளுங்க" என்றேன். "எனக்கு உப்பும் காரமும்தான் தெரியும். ஒரு வருஷமா மத்தது தெரியாது."

பின்வரிசையில் யாருக்கோ இருமல் வந்தது.  மினர்வா தட்டை வாங்கி நிதானமாகச் சாப்பிட்டாள். ஒரு வாய் அல்ல, தட்டு முழுவதும். எல்லோரையும் காக்கவைத்துவிட்டு, "இன்னொரு தட்டு போடுங்க" என்றாள். வில்லிஸ்தான் முதலில் சிரித்தான். அதற்குப் பிறகு வரிசை நகர்ந்தது. யாரும் பாவம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எழுதியிருப்பேன். பானை சுரண்டும்வரை போயிற்று.

இனி வருஷா வருஷம் பானை எனக்கே. மினர்வா பக்கத்தில் நிற்பாள் என்று முடிவாகியிருக்கிறது. அவள் உதவியாள். அவள் இதை வேறுவிதமாகச் சொல்லுகிறாளாம், கேள்விப்பட்டேன். சொல்லட்டும். போன வருஷக் கறியை எனக்கு விற்றவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நீ வாக்கைக் காப்பாற்றினாய். சோப்புத் தேயிலையை மறக்கமாட்டேன், ஆனால் பெரிதுபடுத்தமாட்டேன். மிச்சம் அரை டப்பா இருக்கிறது, குடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்கென்ன.

உன் சபையில் உன் பானை எப்படி வந்தது என்று நீ இன்னும் எழுதவில்லை. பருக்கை நின்றதா, எத்தனை பேர் கேட்டு வாங்கினார்கள் என்பதெல்லாம் பிறகு எழுதலாம். முதலில் வேறொன்று எழுது. மூடியைத் திறந்தாயே, அப்போது முதலில் எது மேலே வந்தது? கறியின் புகையா, வெங்காயமா? பயற்றுக்கென்று ஒரு மண்வாசனை உண்டு, மழை விட்ட வயல்போல, அது எப்போது வந்தது? சோற்றின் வாசனை அதற்குப் பிறகா, கூடவேயா? வீட்டுக்குப் போன பிறகும் உன் கையில் இருந்ததா? அவசரப்படாமல் உட்கார்ந்து, ஒன்றையும் விடாமல் எழுது. நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. நான் மெதுவாகத்தான் படிப்பேன்.

உன் அண்ணன்,
எப்பிராயீம்